ஆசாரிமாரின் சுலோகமும் ஆணி செருகிய பியானோவும்

கண்டி நகருக்கு மேற்கே, பேராதனையைத் தாண்டிய மலைச்சரிவுகளில் மூன்று பழைய வழிபாட்டிடங்கள் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் நிற்கின்றன: கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே. கடலாதெனிய விகாரையை 1344ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி கட்டினார். கல்லில் எழுந்த அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் தமிழருக்கு அது ஊர்க்கோயில் போலவே தோன்றும். லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. எம்பக்கேயின் மரத்தூண்களில் மல்லர்களும் பின்னிய அன்னங்களும் இருதலைக் கழுகும் இன்றும் கூர்மை மழுங்காமல் இருக்கின்றன.

இவற்றைச் செய்த கைகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு வழிகாட்டிய செய்யுள்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கண்டி இராச்சியத்தின் சிற்பிகளும் ஓவியர்களும் பொற்கொல்லர்களும் தங்கள் கலையின் இலக்கணத்தைச் சுலோகமாக வாயில் வைத்திருந்தார்கள். அந்த மரபை முதன்முதலில் அச்சில் ஏற்றிய தமிழர் ஒருவர், அதிலிருந்து தொடங்கி வாழ்நாள் முழுவதும் கலையின் தத்துவத்தை எழுதினார். அவர் எழுதியதைப் படித்த அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர் அதைப் பியானோவுக்கான இசையாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றில் தவிர்க்க முடியாத அந்தப் படைப்புக்குப் பின்னால் கண்டிப் பட்டறை ஒன்றின் மூச்சு இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பட்டறைப் பாடம் கோட்டில்தான் தொடங்கும். நவந்தன்ன குலத்துச் சிறுவன் முதலில் பழகுவது ‘வகதெக’. எதிரெதிராக வளையும் இரண்டு கோடுகள் சேர்ந்த சிறு வடிவம் அது. அது கைக்குப் படிந்த பிறகு அதையே பெருக்கி, திருப்பி, பின்னி, கொடியும் இலையும் மலருமாக வளர்ப்பான். பிறகு அன்னம், சிங்கம், மகரம் என்று உயிர்கள் வரும். கண்ணெதிரே இருக்கும் யானையைப் பார்த்து வரையும் வழக்கம் இல்லை. நினைவில் இருக்கும் யானையைத்தான் வரைய வேண்டும்.

நினைவில் இருக்கச் செய்வது செய்யுளின் வேலை. ‘ரூபாவலிய’, ‘சாரிபுத்ர’, ‘வைஜயந்தய’ என்ற நூல்களை மாணவன் மனப்பாடம் செய்தான். சமஸ்கிருதச் சுலோகம், அதற்குச் சிங்களத்தில் பொருள். இரண்டையும் சேர்த்தே ஓதினான். தெய்வங்களும் விலங்குகளும் எப்படி இருக்க வேண்டும் என்று ரூபாவலிய சொல்லும். மகரத்துக்கு யானையின் துதிக்கை, சிங்கத்தின் கால், பன்றியின் காது, மீனின் உடல் என்று ஒவ்வோர் உறுப்பும் அதில் வரிசையாக வரும். ஓதி முடிக்கும்போது மனத்திரையில் உருவம் முழுமையாகியிருக்கும். சாரிபுத்ர வேறு வகை. அது புத்தர் படிமத்தின் அளவுகளைச் சொல்வது; தலை முதல் பாதம் வரை எந்த உறுப்பு எத்தனை பங்கு என்பதை வகுத்துவிடும்.

யாப்பு இங்கே அலங்காரத்துக்காக வந்ததில்லை. உரைநடையில் ஓர் எண்ணை மாற்றிச் சொன்னால் கேட்பவருக்குத் தெரியாது. சுலோகத்தில் ஓர் அசை தவறினால் ஓசை தட்டும். தட்டிய இடத்தில் குருவின் காது விழித்துக்கொள்ளும். ஏடு செல்லரித்துப் போகலாம், வெள்ளத்தில் போகலாம், படையெடுப்பில் எரியலாம். ஓசையோடு ஏறிய அளவு தலைமுறை தாண்டும். சோதிடமும் மருத்துவமும் மனையடி சாத்திரமும் செய்யுளாகவே வழங்கிய தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் இது புதிய செய்தி இல்லை. கண்டியில் இந்த ஓசைதான் வடிவமைப்பாளரின் கோட்பாட்டு நூல்.

அரசவையின் கைவினைஞர்கள் நான்கு பட்டறைகளாகப் பிரிந்து பணியாற்றினர். ‘பட்டல் ஹதர’ என்று அவற்றுக்குப் பெயர். உடைவாள், அணிகலன், அரியணை, முடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டறை. சம்பளமாகப் பணம் கிடையாது, நிலம் உண்டு. நிலத்தை உழுது உண்டு, அதற்கு ஈடாக அரசனுக்கோ கோயிலுக்கோ தொழில் செய்வதே இராஜகாரியம். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்திலிருந்து பலருக்கு அது விடுதலை. அரசவையை நம்பிய பட்டறைகளுக்கோ அது அடுப்பு அணைந்த நாள். ஆனால் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய நிலங்களில் ஊழிய முறை நீடித்தது. அந்த ஊழியத்தையும் பணமாகக் கட்டிவிடலாம் என்று 1870இல் ஒரு சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு, 1900களின் தொடக்கத்தில் கூட, கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் சுலோகம் தெரிந்த ஆசாரிகள் எஞ்சியிருந்தார்கள் என்றால் கோயில் நிலம்தான் காரணம்.

அந்த நேரத்தில்தான் ஆனந்த குமாரசுவாமி அங்கே வந்து சேர்ந்தார்.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டமன்றத்தில் தமிழரின் பிரதிநிதி. தாய் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தை காலமானார். இங்கிலாந்தில் தாயோடு வளர்ந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்து, 1903இல் இலங்கையின் கனிமவள ஆய்வுத்துறைக்குத் தலைவராகத் திரும்பினார். தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்கு அறிமுகம் செய்த ஆய்வில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவரின் கண்ணில் வேறொன்று பட்டது: பாழடைந்த விகாரைகள், சிமெந்து பூசிக் கெடுத்த பழைய ஓவியங்கள், வேலையில்லாத சிற்பிகள். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் முன்னோர் கட்டியதை நீங்களே அழியவிடுகிறீர்களே என்ற ஆற்றாமை அதில் இருக்கிறது. எழுதியபோது அவருக்கு வயது இருபத்தேழு.

அவரோடு வந்த மனைவி எத்தல் பார்ட்ரிட்ஜுக்கும் இந்த வரலாற்றில் உரிய இடம் வேண்டும். கிராமம் கிராமமாகப் போய்ப் புகைப்படம் எடுத்தவர் அவர். கண்டித் தையல் வேலையை நுணுகிக் கற்றவரும் அவரே. பின்னாளில் எத்தல் மேரெ என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறிக் கலைக்குப் புத்துயிர் கொடுத்தார். இயற்கைச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதினார். அந்தத் தறியின் முதல் இழை கண்டியில் ஓடியது.

1907இல் அவர்கள் இங்கிலாந்துக்குத் திரும்பி, ப்ராட் கேம்டன் என்ற சிற்றூரில், பழைய தேவாலயம் ஒன்றைச் செப்பனிட்டுக் குடியேறினார்கள். செப்பனிட்டவர் கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி. வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் இருந்த கை அச்சு இயந்திரம் ஆஷ்பியிடமிருந்து குமாரசுவாமியிடம் வந்திருந்தது. அந்த இயந்திரத்தில், 1907 செப்டெம்பர் தொடங்கி 1908 டிசம்பர் வரை, ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல் அவருடைய மேற்பார்வையில் அச்சானது. 425 படிகள் மட்டும். மரவேலை, தந்தம், இரும்பு, பித்தளை, பொன், அரக்கு, மட்பாண்டம், நெசவு, தையல், பாய் என்று கண்டியின் கைத்தொழில் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. ரூபாவலியவும் சாரிபுத்ரவும் ஆங்கிலத்தில் வந்தது அந்த நூலில்தான். ஆசாரிகளின் வாயிலும் ஏட்டிலும் மட்டும் உயிரோடு இருந்த ஒரு கோட்பாடு முதன்முறையாக உலகின் கண்முன் வந்தது.

கண்டியில் அவர் கற்றது என்ன? தொகுப்பாளராக மட்டும் அவர் திரும்பியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். கண்டி ஆசாரி தன் மனத்தில் உள்ளதைக் கொட்டுவதற்காகப் படிமம் செய்வதில்லை. தன் பெயரைப் பொறிப்பதும் அரிது. சுலோகம் தரும் உருவத்தை உள்ளத்தில் தியானித்து, அது தெளிந்த பிறகே உளியை எடுக்கிறார். கடைசியாகப் படிமத்துக்குக் கண் திறக்கும் ‘நேத்திர மங்கலம்’ நடக்கும்போது நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே விழி எழுதுகிறார். கண் எழுதும்வரை அது வெறும் பொருள், எழுதிய பின்னரே தெய்வம் என்ற நம்பிக்கையைப் பதினேழாம் நூற்றாண்டில் கண்டியில் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸும் எழுதிவைத்திருக்கிறார். கலைஞன் தனிப்பிறவி என்றும் தன் உணர்ச்சியை வெளியிடுவதே கலை என்றும் நம்பிய ஐரோப்பாவுக்கு எதிராகக் குமாரசுவாமி நாற்பது ஆண்டுகள் எழுதிய எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டறைதான் முதல் சான்று. பின்னால் சுக்கிரநீதி என்ற சமஸ்கிருத நூலும், இடைக்கால ஐரோப்பியச் சிந்தனையாளர்களான மெய்ஸ்டர் எக்கார்ட்டும் தோமஸ் அக்குவினாஸும் அவருக்குத் துணைக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் கண்டி ஆசாரி.

இசை மீதும் அவருக்குப் பற்று உண்டு. 1909இல் கொழும்பில் வெளியான தேசியக் கட்டுரைத் தொகுப்பில், கிராமபோன் பெட்டிக்கு எதிராகத் தனிக் கட்டுரையே எழுதினார். பாட வேண்டிய வீட்டில் பெட்டி பாடினால் பாட்டுக்காரரும் போவார், கேட்கும் காதும் போகும் என்பது அவருடைய கவலை. இரண்டாவது மனைவி அலிஸ் ரிச்சர்ட்ஸன், யோர்க்ஷயர் பெண், ரத்தன் தேவி என்ற பெயரில் இந்துஸ்தானி இசை பாடினார்; கபூர்தலாவின் அப்துல் ரஹீமிடம் பயின்று, பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்கள் முப்பதை 1913இல் நூலாக்கினார். அதற்கு முன்னுரை எழுதியவர் தாகூர். 1918இல் வந்த ‘சிவ நடனம்’ தொகுப்பில் இந்திய இசை பற்றிய கட்டுரையும் ரசக் கோட்பாடு பற்றிய கட்டுரையும் இருக்கின்றன. 1917 முதல் சாகும்வரை முப்பது ஆண்டுகள் அவர் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். ‘கலையில் இயற்கையின் மாற்றம்’ என்ற நூலை 1934இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கலை இயற்கையின் தோற்றத்தை நகலெடுப்பதில்லை, இயற்கை தொழிற்படும் முறையைப் பின்பற்றுகிறது என்பது அந்நூலின் உயிர்நாடி. கருத்து அக்குவினாஸுடையது. அதன் பொருளைக் குமாரசுவாமி ஏற்கெனவே வகதெகவிலும் மகரத்திலும் கண்ணால் கண்டிருந்தார்.

நியூயோர்க்கில் 1940களில் ஜோன் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளர் பெரும் குழப்பத்தில் இருந்தார். 1912இல் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர், இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் மாணவர். 1940 அளவில், சியாட்டிலில், நாட்டியம் ஒன்றுக்குத் தாளக்கருவிகள் வைக்க மேடையில் இடம் போதாமல் போனபோது, பியானோவின் கம்பிகளுக்கிடையே திருகாணிகளையும் ரப்பர்த் துண்டுகளையும் செருகிப் பார்த்தார். ஒரே பியானோ மேளமாகவும் மணியாகவும் மரக்கட்டையாகவும் ஒலித்தது. கருவி கிடைத்துவிட்டது, எதற்காக இசையமைப்பது என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. துயரத்தோடு எழுதிய இசையைக் கேட்டு மக்கள் சிரித்தார்கள். உணர்ச்சியை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கடத்துவதுதான் இசை என்றால் அது நடக்கவில்லையே என்று மனம் நொந்தார். தொழிலையே விட்டுவிடலாமா என்று எண்ணிய காலம் அது.

1946இல் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் என்ற இளம் பெண் மேற்கத்திய இசை கற்க நியூயோர்க் வந்தார். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். அவர் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வ அருளுக்கு இடம் தரச் செய்வதே இசையின் நோக்கம் என்று தன் குரு சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். அதே காலத்தில் கேஜ் குமாரசுவாமியின் நூல்களை ஆழ்ந்து படித்தார். கலைஞன் தன்னைக் கொட்ட வேண்டியதில்லை என்ற சொல் அவருக்கு மருந்தாக இருந்தது. ஒன்பது நிலையான உணர்ச்சிகள் உண்டு, அவை எவருடைய சொந்தச் சொத்தும் இல்லை, எல்லாம் அமைதியை நோக்கியே போகின்றன என்று படித்ததும், அதையே இசையாக்கத் தொடங்கினார்.

அப்படிப் பிறந்ததுதான் ‘சொனாட்டாக்களும் இடையிசைகளும்’. 1946 முதல் 1948 வரை எழுதியது: 16 சொனாட்டா, 4 இடையிசை, ஏறத்தாழ எழுபது நிமிடம். பியானோவில் 45 சுரங்களின் கம்பிகளில் திருகாணி, போல்ட், ரப்பர், பிளாஸ்டிக் என்று வெவ்வேறு பொருள்களைக் குறித்த தொலைவில் செருக வேண்டும். ஓர் அழிரப்பர் கூட அந்தப் பட்டியலில் உண்டு. 1949 ஜனவரியில் மாரோ அஜேமியன் என்ற பியானோ கலைஞர் கார்னகி மண்டபத்தின் சிற்றரங்கில் முழுவதையும் வாசித்தார். கேஜ் எடுத்துக்கொண்ட உணர்ச்சிகளைத் தமிழில் சொல்வதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே போதும்: பெருமிதம், உவகை, மருட்கை, நகை, பிறகு அழுகை, அச்சம், வெகுளி, இளிவரல். எட்டும் ஒடுங்குமிடமாக ஒன்பதாவது, அமைதி. எந்தப் பகுதி எந்த உணர்ச்சி என்று கேஜ் குறித்துவைக்கவில்லை. அது சரியான முடிவு. கேட்பவர் தானாகவே அந்த ஒன்பதாவதற்கு வந்து சேர வேண்டும்.

1951இல் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்கு அமைத்த ‘பதினாறு நடனங்க’ளில் உணர்ச்சிகளின் பெயர்கள் வெளிப்படையாகவே வந்தன; வெகுளியில் தொடங்கி அமைதியில் முடியும் வரிசை அது. அதற்கு முன் 1947இல் ‘பருவங்கள்’ என்ற பாலே அரங்கேறியது. பனிக்காலம் ஒடுக்கம், இளவேனில் படைப்பு, கோடை காப்பு, இலையுதிர்காலம் அழிப்பு என்று இந்திய மரபின்படி வகுத்த இசை. மேடையையும் உடையையும் வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. குமாரசுவாமி 1947 செப்டெம்பர் 9இல் காலமானார். சொனாட்டாத் தொகுதி நிறைவடைந்தது அடுத்த ஆண்டு. தன் எழுத்து இசையாகி முழுமை பெற்றதை அவர் கேட்கவில்லை.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியே ஆக வேண்டும். கேஜ் படித்தது பிற்காலக் குமாரசுவாமியை. ரூபாவலியவின் சுலோகத்துக்கு அவர் மெட்டமைக்கவில்லை. ரசத்தையும் நிலையான பாவத்தையும் நம் இலக்கண ஆசிரியர்கள் பிரித்துப் பார்ப்பதுபோல அவர் பார்க்கவும் இல்லை. ஆனாலும் அவருடைய இசையின் எலும்புக்கூட்டைப் பார்க்கும்போது வியப்பு தட்டும். முழுப் படைப்பும் எந்த விகிதத்தில் பிரிகிறதோ, அதே விகிதத்தில் அதன் சிறு பகுதியும் பிரியும். குமாரசுவாமியைப் படிப்பதற்குப் பல ஆண்டு முன்பே, 1939 முதல், அவர் கையாண்ட முறை இது. முகத்தின் அளவைக் கொண்டு முழுப் படிமத்தையும் அளக்கும் சிற்பிக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும். அப்படிக் கணக்கு வைத்துக் கட்டுபவராக இருந்ததால்தான் குமாரசுவாமியின் சொல் கேஜிடம் பற்றிக்கொண்டது.

கலை இயற்கை தொழிற்படும் முறையைப் பின்பற்றுகிறது என்ற வாசகத்தைக் கேஜ் கடைசிவரை விடவில்லை. பல முறை குமாரசுவாமியின் பெயரையும் சேர்த்தே சொன்னார். தன் விருப்பத்தை ஒதுக்கிவிட்டுக் காசு சுண்டிச் சுரங்களைத் தேர்ந்தெடுத்தபோதும் இந்த வாசகத்தையே துணைக்கு அழைத்தார். அந்த இடத்தில் குமாரசுவாமி அவரோடு சண்டைக்குப் போயிருப்பார். கண்டி ஆசாரியின் தன்னொடுக்கம் மரபுக்கு அடங்கியது; தற்செயலுக்கு அடங்கியதன்று. ஆசாரியிடமிருந்து பெற்றதை வாங்கிக்கொண்டவர் வேறு திசையில் நடந்தார் என்பதே உண்மை.

ஒரு கோட்பாடு இப்படி இசையாக மாறுவது கண்டிக்கு அந்நியமும் இல்லை. நரேந்திரசிங்க மன்னனின் காலத்தில் (1707–1739) உருவானவை என்று மரபு சொல்லும் வன்னங்கள் என்ற பதினெட்டு ஆடல்கள் இன்றும் ஆடப்படுகின்றன. யானைக்கு கஜகா, குதிரைக்கு துரங்கா, மயிலுக்கு மயூரா, சிங்கத்துக்குச் சிங்கராஜ. பட்டறைச் சிறுவன் கோட்டில் பழகிய விலங்குகள் பலவற்றை ஆட்டக்காரர் தாளத்தில் பழகினார்.

‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1956இல் நியூயோர்க்கில் மறுபதிப்பாக வந்தது; சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டது. எழுத்து அப்படி நிலைத்துவிட்டது; இனி, கண்டியைச் சுற்றி எஞ்சியுள்ள ஆசாரிக் குடும்பங்களில் சுலோகம் ஓதத் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களின் குரலை, ஓசையோடும் நிறுத்தங்களோடும், ஒலிப்பதிவு செய்ய வேண்டும். குமாரசுவாமியால் எழுத்தைத்தான் அச்சில் கொண்டுவர முடிந்தது, அந்த ஓசையை அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகமோ கண்டியின் கலை அமைப்புகளோ முன்வந்தால், அந்த ஓதுதலும் கேஜின் சொனாட்டாக்களும் ஒரே மாலையில் ஒலிக்கலாம். கம்பியில் திருகாணி செருகச் சம்மதிக்கும் ஒரு பியானோவும் ஓர் அரங்கும் இருந்தால் போதும். யாரேனும் இதைச் செய்யுங்கள்.